எல்லாருக்கும் எட்டு

அக்காவின் கல்யாணப் பேச்சு நின்றுபோகவிருந்த அதே மாதத்தில்தான் எங்கள் வகுப்பில் கோரிலேஷன் நடத்தினார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததால் வந்த வினை இது. தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றைப் பரீட்சைக்குப் படித்து முடித்திருப்பேன். மற்றதற்கு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், முதல் வருடம். அதில் புள்ளியியல் ஒரு தாள். விரிவுரையாளர் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்தார். படுத்திருந்த கோட்டில் பையன்களின் உயரம், நின்ற கோட்டில் எடை. ஒரு பையனுக்கு ஒரு புள்ளி என்று சாக்பீஸால் குத்திக்கொண்டே போனார். இருபது முப்பது புள்ளி விழுந்ததும், யாரும் சொல்லாமலேயே அந்தக் கூட்டம் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குச் சாய்ந்து நின்றது. உயரம் கூடினால் எடையும் கூடுகிறது. எப்போதும் இல்லை, பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்' எவ்வளவு என்று சொல்ல ஒரு எண் இருக்கிறதாம். பெயர் ஆர். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. சைபர் என்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஒன்றோடொன்று பேசியே இராத இரண்டு விஷயங்களைப் பிடித்து வந்து, 'உங்களுக்குள் என்ன?' என்று விசாரித்து, ஒரே எண்ணில் தீர்ப்புச் சொல்லிவிடலாம்! அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத்தான் பார்த்தேன். சிராங்கூன் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பூக்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அதற்கு எதிரே சைவச் சாப்பாட்டுக் கடையில் எத்தனை பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று பத்து நாள் எண்ணினேன். லாக் அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெருக்கிக் கூட்டி வகுத்ததில் ஆர் புள்ளி எட்டு வந்தது.

"அம்மா, பூ வாங்கினா பசி எடுக்குது. கணக்கு சொல்லுது."

அம்மா வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமைடி. பூவும் வாங்குவாங்க, கவுச்சியும் திங்க மாட்டாங்க. இதுக்கா ரெண்டு மணி நேரம் வெளக்கப் போட்டுட்டு உக்காந்திருந்தே?"

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நல்ல வேடிக்கையை அம்மா கெடுத்துவிட்டாள் என்று மட்டும்தான் நினைத்தேன்.

நாங்கள் சிராங்கூன் சாலைக்குள் ஒடுங்கும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். ஒரே தளத்தைப் பலகைத் தடுப்பால் நான்காக வெட்டி நான்கு குடும்பங்கள். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து வலையில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது, துறைமுகப் பேச்சில் 'டாலி', அவர் வேலை. நான்கு கோடு நிற்க, ஐந்தாவது குறுக்கே. வீட்டில் பேசும்போதுகூட விரலால் தொடையில் அப்படிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், தமிழ்ப் பள்ளி ஆசிரியை. வாரம் இரண்டு மாலை ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போவாள். அங்கேதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் சுவா சூ காங்கில் அண்ணன் வீட்டில் இருந்தார். கோழிப் பண்ணைகளுக்கும் அன்னாசித் தோட்டங்களுக்கும் நடுவே அந்த அண்ணனுக்கு ஒரு மளிகைக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி, அவர், மூன்று பேரும் ஒரு கூடை அன்னாசியோடு பெண் கேட்டு வந்தார்கள். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. கப்பலின் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவர் கேட்டதும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் பிறந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார்.

திரும்பி வரும்போது சட்டைப் பையில் மஞ்சள் தடவிய காகிதம் ஒன்று நான்காக மடித்து இருந்தது.

"மூணு" என்றார்.

பத்துப் பொருத்தத்தில் மூன்று. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரஜ்ஜு?"

"அதுதான் இல்லை. தாலிக்கு உள்ளது அதுதானாம். அது இல்லாம மத்த ஒன்பதும் இருந்தும் பிரயோஜனம் இல்லையாம்."

அக்கா பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பென்சில் நிற்கவில்லை. "சரிப்பா" என்றாள், தலை நிமிராமல்.

மறுநாள் அந்த நோட்டுகளில் ஒன்றைப் பார்த்தேன். சரியான விடைகளுக்கெல்லாம் தப்புப் போட்டிருந்தாள்.

"ஏங்க்கா சரின்னு சொன்னே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? நட்சத்திரத்தோட போய்ச் சண்டை போடவா?"

எனக்குப் பளிச்சென்று பட்டது. ஏன் போடக் கூடாது? பொருத்தம் ஒரு எண். கல்யாணம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதையும் எப்படியாவது எண்ணாக்கிவிட்டால் தீர்ந்தது. தெருவில் உள்ள ஜோடிகளுக்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி. புள்ளிகள் சாயாமல் சிதறிக் கிடந்தால் ஆர் சைபர். சைபரை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டால் அவர் மறுக்க முடியாது. எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவர் கப்பல் தலைவனிடமே விட்டுக்கொடுக்காதவர். மாதம் பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

சந்தோஷத்தை எப்படி அளப்பது என்பதில் இரண்டு நாள் போனது. நேராகக் கேட்டால் எல்லாரும் "ஏதோ இருக்கோம்" என்பார்கள். அதை எந்தக் கோட்டில் வைப்பது? சண்டைகளை எண்ணலாம் என்று பார்த்தேன்; பலகைத் தடுப்பு புண்ணியத்தில் மூன்று குடும்பத்துச் சண்டை தெளிவாகக் கேட்கும், மற்றவர்களுக்கு வழியில்லை. கடைசியில், போன மாதம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எத்தனை முறை வெளியே போனார்கள் என்று கேட்பதாக முடிவு செய்தேன். பிடிக்காதவர்கள் சேர்ந்து போவார்களா என்ன?

முதலில் பக்கத்துத் தடுப்பில் இருந்த தையல்காரர் மனைவி.

"அக்கா, உங்க கல்யாணத்துக்கு எத்தனை பொருத்தம் இருந்துச்சு?"

"எட்டு. எதுக்குடி?"

"காலேஜ்ல கேக்குறாங்க. போன மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை தடவை வெளிய போனீங்க?"

"காலேஜ்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க! அவரோடயா? இரு... பல்லுப் புடுங்க டாக்டர்கிட்ட போனோம். அதை எழுதுவியா?"

"எழுதலாம்க்கா."

"அப்ப ஒண்ணுன்னு போட்டுக்க. அவருக்குத்தான் பல்லு. நான் கூடப் போனதே அவரு கத்துறதைப் பார்க்கத்தான்."

எட்டு, ஒன்று. என் முதல் புள்ளி.

பால்கடைக்காரர் மனைவிக்கு எட்டு. வெளியே போனது சைபர். நகைப் பட்டறைக்காரர் வீட்டில் எட்டு. மூன்று முறை, மூன்றும் கருமாதிக்கு. பூக்கடைப் புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டு முறை போயிருந்தார்கள். பூ எடுக்கப் போவார்களாம். போகிற வழியெல்லாம் அந்த அம்மாள் அவரைத் திட்டிக்கொண்டு போவதைத் தெருவே கேட்கும். என் அளவுகோலில் ஊரிலேயே சந்தோஷமான ஜோடி அவர்கள்தான். கொஞ்சம் நெருடியது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் இருபத்தெட்டு ஜோடி சேர்ந்துவிட்டது. ஆரைக் கணக்கிட்டால் சைபரை ஒட்டி வந்தது. என்னால் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் வகுப்பில் பக்கத்து இருக்கைத் தோழியிடம் வரைபடத் தாளை நீட்டினேன். அவள் சீனப் பெண். பெருக்கல் கணக்கைக் காகிதம் இல்லாமல் போடுவாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்; அவள் வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"பார்த்தியா? சம்பந்தமே இல்லை!"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்தெட்டில் இருபத்து நான்கு புள்ளி, எட்டு என்ற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் மாதிரி நின்றது. பக்கத்தில் ஒன்பதில் மூன்று, ஏழில் ஒன்று. அவ்வளவுதான்.

"உங்க ஆளுங்க எல்லாரும் ஒரே பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்களே லா."

"அதனால என்ன? ஆர் சைபர்தானே?"

"ஒரே உயரத்துல இருக்கிற பையன்களை மட்டும் வரிசையா நிக்க வெச்சு எடை பார்த்துட்டு, உயரத்துக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லுவியா? மூணு பொருத்தம் உள்ள ஆளைக் காட்டு. உன் அக்காவுக்கு மூணுதானே? இந்தத் தாள்ல மூணே இல்லையே."

தாளை வாங்கி மடித்துக்கொண்டேன். எண் வாயைத் திறந்து 'சம்பந்தம் இல்லை' என்று சொல்கிறது. ஆனால் அது சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். இதென்ன நியாயம்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஏன் எல்லாருக்கும் எட்டு?

அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்தாள்.

"எட்டு வராம யாராச்சும் பத்திரிகை அடிப்பாங்களா? வர்ற வரைக்கும் பார்ப்பாங்க."

"வர்ற வரைக்கும்னா?"

"ஒரு ஜோசியர் நாலுன்னா, இன்னொரு ஜோசியர். அங்கேயும் வரலேன்னா பொண்ணுக்கு வேற பேர் வெச்சுப் பேர்ப் பொருத்தம் பார்க்கிறது. இங்க வந்த ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு ஜாதகம் ஏதுடி? கப்பல்ல வர்றவன் ஜாதகத்தையா கட்டிட்டு வருவான்? உங்கப்பாவையே எடுத்துக்க. பொறந்த தேதி தெரியாது. வெள்ளம் வந்த வருஷம், அவ்வளவுதான். அவருக்கு வீட்டுப் பேர், பள்ளிக்கூடத்துப் பேர், குலசாமி பேர், ஆபீஸ் பேர், நாலு இருந்துச்சு. எங்கப்பா ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்து, நாலாவதுக்குத்தான் எட்டு வந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதை அவர்கிட்ட போய்க் கேட்டு வைக்காதே. அவருக்குத் தெரியும், ஆனா தெரியாது."

இவ்வளவு நாளும் நட்சத்திரம் கல்யாணத்தை என்ன செய்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். இங்கே கல்யாணம் அல்லவா நட்சத்திரத்தை இழுத்து எட்டில் உட்கார வைத்திருக்கிறது! எது எதற்குக் காரணம், அம்பு எந்தப் பக்கம் போகிறது?

"அப்ப அக்காவுக்கும் வேற பேர் வெச்சுப் பார்க்கலாமே!"

"உங்கப்பா கேட்கணும். பொண்ணோட அப்பன் வந்து, 'வேற வழி இருக்கா பாருங்க'ன்னு வாயைத் தெறந்து கேட்டாத்தான் ஜோசியர் பார்ப்பார். நான் போய்க் கேட்டா, 'அவரை வரச் சொல்லுங்கம்மா'ன்னு அனுப்பிடுவார்."

அப்பா ஏன் கேட்கவில்லை? மூன்று என்று சொன்னதும் ஏன் எழுந்து வந்துவிட்டார்? மாப்பிள்ளையைப் பிடித்துத்தானே இருந்தது? எனக்கு எதுவும் புரியவில்லை. புரியாதபோது நான் செய்வது ஒன்றுதான், இன்னும் எண்ணுவது.

எட்டு வராமலேயே கல்யாணம் செய்துகொண்டவர்களைத் தேடினேன். அதை வாசலில் நின்று கேட்க முடியாது. குழாயடியிலும் மாவு மில்லிலும் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் காதில் வாங்க வேண்டும். மூன்று ஜோடி அகப்பட்டது. ஒருவர் இரண்டு பொருத்தத்தோடு, இரு வீட்டாரையும் எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்தவர். தஞ்சோங் பகாரில் துறைமுகக் குடியிருப்பில் இருந்தார். மனைவியோடு போன மாதம் எட்டு முறை வெளியே போயிருந்தார், அதில் ஐந்து படம். மூன்று பொருத்தக்காரர்கள் ஆறு முறை. நான்கு பொருத்தக்காரர்கள் ஏழு முறை; அந்த வீட்டுக்குப் போனபோது அவர்கள் இருவரும் ஒரே தட்டில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று புள்ளியைச் சேர்த்ததும் தாளே மாறிவிட்டது. இடது பக்கம் மேலே மூன்று நட்சத்திரம் மாதிரி அவை நிற்க, வலது பக்கம் எட்டுக்காரர்கள் பெரும்பாலும் கீழே குமிந்து கிடந்தார்கள். மறுபடி கணக்கிட்டேன். மைனஸ் புள்ளி ஆறு. மூன்று முறை சரிபார்த்தேன். மைனஸ் புள்ளி ஆறுதான்.

பொருத்தம் குறையக் குறைய வாழ்க்கை நன்றாக இருக்கிறது!

நம்பினேனா என்றால், சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னதற்குப் பிறகு அந்த எட்டுகளே பொய் என்று எனக்குத் தெரியும். பொய்யான எண்ணிலிருந்து எப்படி உண்மையான ஆர் வரும்? ஆனால் வந்திருக்கிறதே. பென்சிலில், என் கையெழுத்தில், மூன்று முறை. அக்காவுக்கு அது உதவும் என்றால் வேறு கேள்வி எதற்கு என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கோப்பி குடித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்த நேரம் பார்த்துத் தாளை அவர் முன்னால் விரித்தேன். அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அல்லது திட்டுவார் என்று. இரண்டும் இல்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கப்பல் சரக்குப் பட்டியலைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துப் பார்த்தார்.

"இது மொத்தம் எத்தனை?"

"முப்பத்தொண்ணுப்பா."

"இந்தக் கோடியில தனியா நிக்கிற மூணு?"

சொன்னேன். துறைமுகக் குடியிருப்புக்காரரை அவருக்குத் தெரிந்திருந்தது. தலையாட்டினார்.

"நல்ல பையன். சரி. இதே மாதிரி பண்ணிக்கிட்டு, ஒத்து வராமப் போனவங்க எங்க?"

"யாருப்பா?"

"இந்தத் தெருவுல இருக்கிறவங்களைத்தானே கேட்டே? ஒத்து வராதவங்க எப்படித் தெருவுல இருப்பாங்க? ஊருக்குப் போயிட்டாங்க. நானே ரெண்டு பொண்ணுங்களைக் கப்பல் ஏத்தி விட்டிருக்கேன். ஒண்ணுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், கல்யாணமாகி ஏழு மாசம். பொட்டியைத் தூக்கிக் கொடுத்தது நான்தான். அந்தப் புள்ளி எங்க?"

நான் தாளைப் பார்த்தேன். அந்தப் புள்ளிக்கு அதில் இடம் இருந்தது. இடது பக்கம் கீழ் மூலை. அங்கே வெறும் கட்டங்கள்.

"வார்ஃபுல எறங்கின மூட்டையை மட்டும் எண்ணிட்டு, கடல்ல விழுந்ததை விட்டுட்டா அதுக்குப் பேரு டாலி இல்லம்மா." குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தூண்டிவிட்டது. புள்ளியியல் ஒரு தாள்கூடப் படிக்காத மனிதர், என் இரண்டு வார உழைப்பை ஒரு வாய்க் கோப்பி ஆறுவதற்குள் கவிழ்த்துவிட்டார்.

"அப்ப உங்க எட்டு மட்டும் சரியான டாலியா? நாலாவது பேருக்குத்தானே வந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கும் சத்தம் நின்றது. சமையல் பக்கத்தில் அம்மா எதையோ கீழே வைத்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடி, சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்கா வந்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"உன்னை யாருடி கேட்டா? உனக்கு வெளையாட நான்தான் கெடைச்சேனா? இத்தனை நாள் அவரு மனசு எறங்கி வருவாருன்னு பொறுமையா இருந்தேன். இப்ப அவரு எறங்கி வந்தா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அதுக்காகவே வர மாட்டாரு."

"நான் உனக்காகத்தாங்க்கா..."

"எனக்காகவா? உன் கணக்குக்காக!"

அது முழுக்கச் சரியில்லை. முழுக்கத் தப்பும் இல்லை. எத்தனை பங்கு எது என்று என்னால் இன்றும் பிரிக்க முடியவில்லை.

அந்த வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை அப்பா யாரோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் பஸ் மாறி மாறிச் சுவா சூ காங்குக்கே போய், அவருடைய அண்ணியைப் பார்த்து, "எங்கப்பா மனசு வைக்காம நான் வர மாட்டேன், நீங்க வேற இடம் பார்க்கிறதுன்னா பாருங்க" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வந்தாள். புதன்கிழமை அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனாள். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. வியாழக்கிழமை மாப்பிள்ளை தஞ்சோங் பகாரில் துறைமுக வாசலில் நின்றிருக்கிறார். அப்பாவும் அவரும் ஒரு கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. அதே நாள் காலையில் என் வரைபடத் தாள் மேசை இழுப்பறையில் இடம் மாறியிருந்ததையும் கவனித்தேன். யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று தெரியாது. துணிமணி தேடும்போது தானாக நகர்ந்தும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து தாமதமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய இன்னொரு காகிதத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"எட்டு" என்றார்.

அம்மா காகிதத்தைப் பிரித்தாள்.

"ரஜ்ஜு?" அம்மா கேட்டாள்.

"இருக்கு. பொண்ணுக்குக் கோயில்ல வேற பேர் வெச்சுடணும். மணவறையில அந்தப் பேரைத்தான் சொல்லணுமாம்." என் பக்கமோ அக்கா பக்கமோ அவர் திரும்பவில்லை. "மொதல்ல போட்டதுல தப்பு இருந்துச்சாம். திருத்திக் கொடுத்துட்டாரு."

அக்கா அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கோப்பி போட்டாள். என்னுடைய கோப்பையில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தது. அதற்கு மன்னிப்பு என்று அர்த்தமா, அல்லது கை தவறியதா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அப்பாவை விடவில்லை. இரண்டு நாள் கழித்து, அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, ஏன் மறுபடி ஜோசியர்கிட்ட போனீங்க? என் படத்தைப் பார்த்துத்தானா?"

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை.

"எந்தப் படம்?" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. என் படம், நான் வாய் தவறிச் சொன்னது, அக்கா போய் வந்தது, அம்மா எழுந்து போனது, மாப்பிள்ளை வாசலில் நின்றது, எல்லாம் ஒரே வாரம். எது அவரை மறுபடி ஜோசியர் வீட்டுப் படியேற்றியது? வகுப்பில் கேட்டிருந்தால் இன்னும் நிறைய அப்பாக்களும் நிறைய வாரங்களும் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு இருந்தது ஒரு அப்பா, ஒரு வாரம். ஒற்றைப் புள்ளி வழியாக எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கோடு இழுக்கலாம்.

இன்னொன்றும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தடவை மூன்று என்றதும் அவர் ஏன் 'வேற வழி இருக்கா' என்று கேட்காமல் வந்தார்? ஏழே மாதத்தில் தாலி இழந்த அந்தப் பெண்ணின் பெட்டி கையில் கனத்ததாலா? அல்லது சுவா சூ காங் தூரம் என்பதாலா, அக்கா போனால் வீடு வெறிச்சென்றாகிவிடும் என்பதாலா? ரஜ்ஜு இல்லை என்பதை அவர் நிஜமாகவே நம்பினார் என்றால், பெயரை மாற்றியதும் அது வந்துவிட்டது என்பதையும் நிஜமாகவே நம்பினாரா? நான் பார்த்தவரை இரண்டையும் நம்பினார். அதெப்படி என்று எனக்கு எந்தத் தாளிலும் வரைந்து பார்க்க முடியவில்லை.

தை மாதம் டேங்க் ரோட்டுக் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அப்பாவின் துறைமுக ஆட்கள் ஒரு லாரி நிறைய வந்தார்கள். எட்டுப் பொருத்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், கணவன் மனைவியாக. என் கேள்வித்தாள்படி அந்த மாதக் கணக்கில் எல்லாருக்கும் ஒன்று கூடியிருக்கும். தையல்காரர் மனைவி என்னைப் பார்த்ததும் உரக்கக் கேட்டாள், "என்னடி, இதையும் எழுதிக்கிறியா? எழுதிக்க, எழுதிக்க. இன்னைக்குப் பல்லு வலி இல்லை!"

மணவறையில் ஐயர் மந்திரத்தின் நடுவே பெண்ணின் புதுப் பெயரைச் சொல்லி, அவளைக் கையை நீட்டச் சொன்னார். அக்கா நீட்டவில்லை. தலை குனிந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, மிகவும் சந்தோஷமாக யாருக்காகவோ காத்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஐயர் இன்னொரு முறை சொன்னார், சற்று உரக்க. அந்தப் பெயர் யாருடையது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. மாப்பிள்ளையே சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா முன்னால் நகர்ந்து அக்காவின் முழங்கையை இடித்தாள். அதற்குள் அப்பா, வார்ஃபில் மூட்டை எண்ணிக் கத்திப் பழகிய அந்தத் தொண்டையால், "இருக்கா, இருக்கா! இவதான்! கோடு போட்டுக்குங்க!" என்றார்.

அக்கா கையை நீட்டினாள்.